திருகுக் கியூபும் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள் தடைக்காலமும் பள்ளிகளின் கோடை விடுமுறையும் ஒன்றாக வருவதால், பாம்பன், தங்கச்சிமடம் பகுதிப் பிள்ளைகள் சிலர் அந்நாட்களில் என் வீட்டுத் திண்ணையில் ரூபிக் கியூபும் கையுமாகக் கூடுவது வழக்கமாகிவிட்டது. நான் கணக்கு ஆசிரியன். கலைந்த கியூபை, ஒவ்வொரு முகமும் ஒரே நிறமாக வரும்படி, வேகமாகச் சேர்க்கத் தெரியாதவன். ஆனால் எத்தனை திருப்பத்தில் சேர்க்க முடியும், அதைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கேட்டால் நாள் முழுவதும் பேசுவேன். பிள்ளைகளும், அவர்களை அழைத்துப் போக வந்த பெற்றோரும், கீழக்கரை, தொண்டிப் பக்கமிருந்து தொலைபேசியில் அழைத்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதி வைக்கிறேன்.

திருப்பங்களைத் தமிழில் எப்படிக் குறிக்கிறீர்கள்?

மேல், கீழ், இடது, வலது, முன், பின் என்னும் ஆறு முகங்களுக்கும் மே, கீ, இ, வ, மு, பி என்று வைத்துக்கொண்டோம். எழுத்து மட்டும் இருந்தால், அந்த முகத்தை நேராகப் பார்க்கும்போது கடிகார முள் சுற்றும் திசையில் கால் சுற்று. எழுத்தின் மேல் ஒரு கோடு ( ' ) இருந்தால் எதிர்த்திசையில் கால் சுற்று. எழுத்துக்குப் பின் 2 இருந்தால் அரைச் சுற்று. ஆக ஆறு முகங்களுக்கும் மும்மூன்றாக மொத்தம் 18 திருப்பங்கள். இந்தப் பக்கத்தில் அரைச் சுற்றையும் ஒரே திருப்பமாகவே எண்ணுகிறேன்.

ஒரு கியூபில் எத்தனை நிலைகள் இருக்கின்றன? அந்த எண் எங்கிருந்து வருகிறது?

ஹங்கேரியில் எர்னோ ரூபிக் 1974-இல் உருவாக்கிய மூன்றடுக்குக் கியூபில் எட்டு மூலைத்துண்டுகளும் பன்னிரண்டு ஓரத்துண்டுகளும் இடம் மாறுகின்றன. ஆறு நடுத்துண்டுகள் தத்தம் அச்சிலேயே சுழல்கின்றன. எட்டு மூலைகளை 8! வகையில், அதாவது 40,320 வகையில் அடுக்கலாம். ஒவ்வொரு மூலையும் மூன்று விதமாகத் திரும்பி உட்காரலாம் என்றாலும், ஏழு மூலைகள் எப்படித் திரும்பியிருக்கின்றன என்று தெரிந்தால் எட்டாவது மூலையின் திரும்பல் தானாகவே தீர்மானமாகிவிடுவதால், பெருக்க வேண்டியது மூன்றின் ஏழாம் அடுக்கான 2,187. ஓரத்துண்டுகளுக்கு அதே போல 12!-உம் இரண்டின் பதினோராம் அடுக்கும் வருகின்றன. கடைசியில், மூலைகளின் வரிசைமாற்றம் (இரண்டிரண்டு துண்டாக இடம் மாற்றிச் சரிசெய்ய வேண்டிய தடவைகளின் எண்ணிக்கை) ஒற்றையானால் ஓரங்களுடையதும் ஒற்றையாகவும், இரட்டையானால் இரட்டையாகவுமே இருக்க முடியும் என்பதால் பாதியைக் கழித்துவிட வேண்டும். எல்லாவற்றையும் பெருக்கினால் 43,252,003,274,489,856,000 என்று வரும். நம் வழக்கில் சொன்னால் ஏறத்தாழ 4 லட்சத்து 32 ஆயிரம் கோடி கோடி.

நொடிக்கு ஒரு கோடி நிலைகளைப் பார்க்கும் கணினி இதை முழுவதும் பார்த்து முடிக்க ஏறத்தாழ 1,37,000 ஆண்டுகள் ஆகும். வேகமான கணினி வாங்கினால் வேலை முடிந்துவிடும் என்று நினைக்கிற பிள்ளைகளிடம் நான் முதலில் போடச் சொல்லும் கணக்கு இதுதான். இனி வரும் வழிகள் எல்லாமே, இவற்றில் எவற்றைப் பார்க்காமல் விட்டாலும் விடை தப்பாது என்று கண்டுபிடிக்கும் வழிகள்.

என் மகன் கியூபைக் கழற்றி மறுபடி மாட்டினான். இப்போது எப்படித் திருப்பினாலும் சேரவில்லை. ஏன்?

பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி இது. விடை மேலே சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. துண்டுகளை மனம்போன போக்கில் மாட்டினால் மூலைகளின் திரும்பலில் மூன்றில் ஒரு பங்கும், ஓரங்களின் திரும்பலில் இரண்டில் ஒரு பங்கும், வரிசைமாற்றத்தில் இன்னுமொரு பாதியும் மட்டுமே சரியாக அமையும். ஆகவே கழற்றி மாட்டிய கியூப் சேரக்கூடிய நிலையில் இருக்கப் பன்னிரண்டில் ஒரு வாய்ப்புத்தான். கடைசி அடுக்கு வரை எல்லாம் சரியாக வந்து, ஒரே ஒரு ஓரம் தலைகீழாகவோ, ஒரே ஒரு மூலை திருகியோ, இரண்டே துண்டுகள் இடம் மாறியோ நின்றால், பையன் மேல் தவறில்லை. மறுபடி கழற்றி, சேர்ந்த நிலையிலேயே மாட்டிக்கொடுங்கள். கீழே விழுந்த கியூபில் ஒரு மூலை மட்டும் தானே திருகிக்கொள்வதும் உண்டு.

கழற்றியது கழற்றியாயிற்று, உள்ளே இருக்கும் மணலையும் கழுவிவிடுங்கள். நம் கரையில் உப்புக் காற்றும் மணலும் புகாத பொருளே கிடையாது. நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தி, ஒரு சொட்டு சிலிக்கோன் எண்ணெய் விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் முதலில் வழுக்கும். பிறகு மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒரே ஃபார்முலாவைத் திரும்பத் திரும்பச் செய்தால் கியூப் தானே சேர்ந்துவிடாதா?

சேராது, ஆனால் கேள்வி நல்ல கேள்வி. எந்தத் திருப்பத் தொடரையும் விடாமல் திரும்பச் செய்தால் ஒரு கட்டத்தில் தொடங்கிய நிலைக்கே வந்து நிற்பீர்கள். வ மே வ' மே' என்னும் தொடர் ஆறு தடவையில் திரும்பிவிடும். வ மே என்ற இரண்டே திருப்பங்களுக்கு 105 தடவை வேண்டும். எந்தத் தொடருக்கும் 1,260 தடவைக்கு மேல் ஆகாது. ஆனால் கலைந்த நிலையில் தொடங்கினால் அதே கலைந்த நிலைக்குத்தான் திரும்புவீர்கள். வழியில் சேர்ந்த நிலை தட்டுப்பட்டால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

கணக்கில் இப்படிப்பட்ட தொடர்களின் தொகுப்புக்குக் குலம் என்று பெயர். இரண்டு தொடர்களை அடுத்தடுத்துச் செய்தால் அதுவும் ஒரு தொடர். ஒவ்வொரு தொடருக்கும் அதை அழிக்கும் எதிர்த்தொடர் உண்டு. ஆனால் முன்பின்னாகச் செய்தால் பொதுவாக விடை மாறும். வ செய்து மே செய்வதும் மே செய்து வ செய்வதும் வேறு வேறு. கியூபின் சிக்கல் முழுவதும் இந்த முன்பின் வேறுபாட்டில் இருக்கிறது.

மனப்பாடம் செய்யாமல், ஃபார்முலாவை நாமே உருவாக்க முடியுமா?

முடியும். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான் என்பதால் சற்று நீட்டி எழுதுகிறேன். ஒரு வேலையை 'அ' என்றும் இன்னொன்றை 'ஆ' என்றும் வையுங்கள். அ செய்து, ஆ செய்து, அ-வை அழித்து, ஆ-வை அழியுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடாத வேலைகளானால் எதுவுமே மாறியிருக்காது. இரண்டும் கொஞ்சமாக மட்டும் உரசிக்கொண்டால், அந்த உரசிய இடத்தில் மட்டும் மாற்றம் நிற்கும். இதைக் காமுட்டேட்டர் என்பார்கள். எடுத்துக்காட்டாக, அ என்பது மே வ மே' என்றும், ஆ என்பது இ' என்றும் இருக்கட்டும். முழுத்தொடர் மே வ மே' இ' மே வ' மே' இ. செய்து பாருங்கள்: மூன்று மூலைகள் மட்டும் சுற்றி இடம் மாறியிருக்கும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். எட்டுத் திருப்பத்தில், இருபது துண்டுகளில் பதினேழை அசைக்காத கருவி ஒன்று கையில் கிடைத்துவிட்டது.

மாற்ற வேண்டிய மூன்று மூலைகள் வேறு இடத்தில் இருந்தால் என்ன செய்வது? படகுத்துறையில் நெருக்கிக் கட்டியிருக்கும் படகுகளில் உள்ளே நிற்பதை வெளியே எடுக்க வேண்டுமானால், முன்னால் நிற்பதை விலக்கி, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, விலக்கியதைப் பழைய இடத்தில் கொண்டுபோய்க் கட்டுகிறோம் அல்லவா? அதே போல, முன்னேற்பாடாக ஒன்றிரண்டு திருப்பம் செய்து மூலைகளைக் கருவிக்கு வாகான இடத்துக்குக் கொண்டுவந்து, கருவியைச் செலுத்தி, முன்னேற்பாட்டைத் திரும்ப அழித்துவிட வேண்டும். இந்த இரண்டு எண்ணங்களும் பிடிபட்ட பிள்ளைக்கு எழுபத்தெட்டு ஃபார்முலாக்களை நெட்டுருப் போட வேண்டிய தேவையில்லை. வேகப் போட்டிக்குப் போகிறவர்கள் கடைசி அடுக்குக்காக அத்தனையையும் மனப்பாடம் செய்கிறார்கள். அவர்களுக்கு அது தேவை. குறைந்த திருப்பத்தில் சேர்க்கும் போட்டியில் ஒரு மணி நேரமும் காகிதமும் பேனாவும் தருவார்கள். அங்கே வெல்கிறவர்கள் சிந்திப்பது நான் மேலே சொன்ன வகையில்தான்.

"கடவுள் எண்" 20 என்கிறார்களே, அது என்ன? யார் கண்டுபிடித்தார்கள்?

எவ்வளவு மோசமாகக் கலைந்த கியூபையும் இத்தனை திருப்பத்துக்குள் சேர்த்துவிடலாம் என்னும் மிகச் சிறிய எண்ணுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். பெயர் பெரிதாக இருக்கிறது; பொருள் எளிதுதான்.

அது 17-க்குக் குறையாது என்று பத்தாம் வகுப்புக் கணக்கிலேயே காட்டிவிடலாம். முதல் திருப்பத்துக்கு 18 வழி. அதே முகத்தை அடுத்தடுத்துத் திருப்புவது வீண் என்பதால் பிறகு ஒவ்வொன்றுக்கும் 15 வழி. பதினாறு திருப்பம் வரை உள்ள எல்லாத் தொடர்களையும் கூட்டினாலும் மொத்த நிலைகளில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. ஆகவே பதினாறு போதாது. எதிரெதிர் முகங்களில் எதை முன்னால் திருப்பினாலும் ஒன்றே என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் 18-க்குக் குறையாது என்று வரும்.

மேல் எல்லையைக் கீழே இறக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. 1981-இல் மார்வென் திசில்த்வெயிட் நான்கு கட்டமாகப் பிரித்து 52 திருப்பம் போதும் என்று காட்டினார். 1995-இல் மைக்கேல் ரீட் அதை 29-க்கு இறக்கினார். அதே ஆண்டில், மூலைகளெல்லாம் சரியாகவும் பன்னிரண்டு ஓரங்களும் தலைகீழாகவும் நிற்கும் நிலைக்குச் சரியாக 20 திருப்பம் தேவை என்றும் அவரே நிறுவினார். ஆக விடை 20-க்கும் 29-க்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. 2010 ஜூலையில் டோமஸ் ரோகிக்கி, ஹெர்பர்ட் கொசியம்பா, மோர்லி டேவிட்சன், ஜான் டெத்ரிட்ஜ் ஆகிய நால்வரும், கூகுள் நிறுவனம் தந்த கணினி நேரத்தைக்கொண்டு, 20-தான் விடை என்று முடித்துவைத்தார்கள்.

அவர்கள் ஒவ்வொரு நிலையையும் தனித்தனியாகத் தீர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லா நிலைகளையும் ஏறத்தாழ 221 கோடித் தொகுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் 1,950 கோடிக்கு மேற்பட்ட நிலைகள். கியூபைச் சுழற்றிப் பிடித்தாலும் கண்ணாடியில் பார்த்தாலும் சிக்கல் அதேதான் என்பதால் 48 வகைச் சமச்சீர்கள் கிடைக்கின்றன. இவற்றைக்கொண்டும், வேறு தொகுதிகளைத் தீர்க்கும்போதே தீர்ந்துவிடும் தொகுதிகளை விலக்கியும், வேலையை 5,58,82,296 தொகுதிகளாகச் சுருக்கினார்கள். மிகக் குறைந்த திருப்பத்தைத் தேடாமல், 20-க்குள் ஏதோ ஒரு வழி கிடைத்தால் போதும் என்று நின்றது இன்னொரு கெட்டிக்காரத்தனம். இவ்வளவு சுருக்கிய பிறகும் ஒரு கணினி தனியாகச் செய்தால் 35 ஆண்டு ஆகக்கூடிய வேலை அது. பல கணினிகளுக்குப் பங்கிட்டு முடித்தார்கள்.

கால் சுற்றை மட்டும் ஒரு திருப்பமாக எண்ணினால் விடை 26. அது 2014-இல் முடிவானது.

கைபேசிச் செயலி ஒரு நொடியில் இருபது திருப்பம் சொல்லிவிடுகிறதே, எப்படி?

பெரும்பாலும் 1992-இல் கொசியம்பா வகுத்த இரண்டு கட்ட முறைதான் உள்ளே ஓடுகிறது. முதல் கட்டத்தில் மூன்று காரியம் நடக்க வேண்டும்: மூலைகள் எல்லாம் சரியாகத் திரும்பியிருக்க வேண்டும், ஓரங்கள் எல்லாம் சரியாகத் திரும்பியிருக்க வேண்டும், நடு அடுக்கின் நான்கு ஓரங்களும் நடு அடுக்குக்குள் வந்திருக்க வேண்டும். இதற்கு 12 திருப்பத்துக்கு மேல் ஆகாது. அதன் பிறகு மேலும் கீழும் விருப்பம்போல் திரும்பலாம், மற்ற நான்கு முகங்களும் அரைச் சுற்று மட்டுமே திரும்பலாம். இந்தத் திருப்பங்களால் மட்டும் எட்டக்கூடிய நிலைகளின் தொகுப்பான அந்த உட்குலத்துக்குள் இருந்தபடியே சேர்த்து முடிப்பது இரண்டாம் கட்டம். அதற்கு அதிகபட்சம் 18.

இங்கே பிள்ளைகள் ஒரு நியாயமான சந்தேகம் எழுப்புவார்கள்: 12-உம் 18-உம் கூட்டினால் 30 ஆகிறதே, இருபதுக்கு எப்படி வரும்? கடலிலிருந்து தங்கச்சிமடத்து வீட்டுக்குத் திரும்புகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். கரை சேர்வது முதல் கட்டம், கரையிலிருந்து வீட்டுக்கு நடப்பது இரண்டாம் கட்டம். கைக்கெட்டும் கரை குந்துகால் என்று அங்கே இறங்கிவிட்டால் நடை நீளும். படகை இன்னும் சிறிது தூரம் கிழக்கே ஓட்டி வீட்டுக்கு நேரே இறங்கினால் கடல்வழி சற்றுக் கூடும், மொத்தம் குறையும். செயலியும் அப்படித்தான் செய்கிறது. முதலில் மிகச் சிறிய முதல் கட்டத்தோடு ஒரு விடையைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு முதல் கட்டத்தை வேண்டுமென்றே ஒவ்வொரு திருப்பமாக நீட்டி, வேறு வேறு இடத்தில் "கரை இறங்கி", மொத்தம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே போகிறது. முதல் விடை நொடிப்பொழுதில் வந்துவிடும். மிகச் சிறியது அதுதானா என்று உறுதி செய்யத்தான் நேரமாகும்.

மிகக் குறைந்த விடைதான் என்று எப்படி உறுதி செய்வது?

1997-இல் ரிச்சர்ட் கோர்ஃப் கையாண்ட வழி இன்றும் அடிப்படையாக நிற்கிறது. ஓரங்களை மறந்துவிட்டு மூலைகளை மட்டும் பாருங்கள்: 8,81,79,840 நிலைகள்தாம். ஒவ்வொன்றும் சேர எத்தனை திருப்பம் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு அட்டவணையாக வைத்துவிடலாம். ஒன்றுக்கு அரை பைட் வீதம் நாலரைக் கோடி பைட்டுக்குள் அடங்கிவிடும். மூலைகளுக்கே ஒன்பது திருப்பம் வேண்டும் என்று அட்டவணை சொன்னால், முழுக் கியூபுக்கு அதற்குக் குறைவாக ஆகவே ஆகாது. ஓரங்களில் ஆறாறாகப் பிரித்து இன்னும் இரண்டு அட்டவணைகள் போட்டு, மூன்றிலும் பெரிய எண்ணை எடுத்துக்கொள்கிறோம்.

இப்போது தேடல். 16 திருப்பத்துக்குள் முடியுமா என்று தேடும்போது, எட்டுத் திருப்பம் செய்த பிறகு "இனியும் குறைந்தது ஒன்பது வேண்டும்" என்று அட்டவணை சொன்னால் அந்தக் கிளையை அங்கேயே வெட்டிவிடலாம். அட்டவணை ஒருபோதும் கூட்டிச் சொல்லாது என்பதால் வெட்டியது தவறாகாது. 16-இல் கிடைக்காவிட்டால் 17, பிறகு 18. கோர்ஃப் எதேச்சையாகக் கலைத்த பத்துக் கியூபுகளைத் தீர்த்தபோது ஒன்று 16 திருப்பத்திலும், மூன்று 17-இலும், மீதி ஆறு 18-இலும் சேர்ந்தன. ஆம், 20 தேவைப்படும் நிலைகள் மிக அரிது.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் தேவையற்றதாக்கிவிடவில்லையா?

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தினர் 2019-இல் வெளியிட்ட டீப்கியூப்ஏ என்னும் செயற்கை நுண்ணறிவு நிரல், மனிதர் சொல்லிக்கொடுக்காமலே தானாகப் பழகி, சோதித்த கியூபுகள் எல்லாவற்றையும் சேர்த்தது. அவற்றில் ஏறத்தாழ 60 விழுக்காட்டில் மிகக் குறைந்த விடையையே தந்தது. வியக்கத்தக்கதுதான். ஆனால் மிகக் குறைந்தது இதுதான் என்று சான்று தருவது அட்டவணை முறை மட்டுமே. கணக்கு ஆசிரியனாகிய எனக்குச் சான்றில்தான் மனம் நிற்கிறது.

நான்கடுக்கு, ஐந்தடுக்குக் கியூப்களுக்கும் இதே வழியா?

நான்கடுக்கில் மட்டும் நிலைகளின் எண்ணிக்கை 46 இலக்கங்களுக்குப் போய்விடுகிறது; கடவுள் எண் அதற்கு இன்னும் தெரியாது. எத்தனை அடுக்கானாலும், அடுக்குகளின் எண்ணிக்கையை வர்க்கமாக்கி, அந்த எண்ணிக்கையின் மடக்கையால் வகுத்த அளவில்தான் அந்த எண் வளரும் என்று 2011-இல் நிறுவப்பட்டது. கையில் சேர்க்கிறவர்கள் நடுத்துண்டுகளையும் ஓரங்களையும் கூட்டி மூன்றடுக்காகச் சுருக்கிக்கொள்கிறார்கள். அப்போதுதான், மூன்றடுக்கில் வரவே முடியாது என்று நான் சொன்ன தலைகீழ் ஓரம் வந்து நிற்கும். அங்கே அது கழற்றி மாட்டியதன் குற்றம் இல்லை. கூட்டியதில் மறைந்த ஒற்றை-இரட்டைக் கணக்கு.

எங்கள் வீட்டில் அரசு தந்த பழைய மடிக்கணினி இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

இரண்டடுக்குக் கியூபில் தொடங்குங்கள். ஒரு மூலையை அசையாமல் பிடித்துக்கொண்டால் மற்ற ஏழுக்கு 7!-ஐ மூன்றின் ஆறாம் அடுக்கால் பெருக்கி 36,74,160 நிலைகள். இது முழுவதும் பழைய கணினியின் நினைவகத்திலேயே அடங்கும். சேர்ந்த நிலையிலிருந்து தொடங்கி, ஒரு திருப்பத்தில் எட்டக்கூடியவை, அவற்றிலிருந்து இன்னொரு திருப்பத்தில் புதிதாக எட்டக்கூடியவை என்று அலை அலையாக விரித்துக்கொண்டே போங்கள். மூன்று முகங்கள் மட்டும் திரும்பினால் போதும், ஆகவே ஒன்பது திருப்பங்கள். பைத்தான் என்னும் நிரல்மொழியில் நாற்பது வரிக்குள் எழுதிவிடலாம்.

சரியாக எழுதியிருந்தால் ஒவ்வொரு அலையிலும் கிடைக்கும் புதிய நிலைகள் 1, 9, 54, 321, 1,847, 9,992, 50,136, 2,27,536, 8,70,072, 18,87,748, 6,23,800, 2,644 என்று வந்து, பதினோராவது திருப்பத்தோடு நின்றுவிடும். மூலைகளின் திரும்பலைக் கணக்கில் எடுக்க மறந்திருந்தால் மொத்தம் 5,040-லேயே நின்றுவிடும். பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழை இது. 1, 6, 27, 120 என்று தொடங்கினால் பிழையில்லை, அரைச் சுற்றை இரண்டாக எண்ணியிருக்கிறீர்கள்; அந்தக் கணக்கில் பதினான்காவது திருப்பம் வரை போய், கடைசி அலையில் 276 நிலைகள் நிற்கும்.